250-ஆ, 350-ஆ? செலவை ஏற்றுவது வளைவுதான்

குன்றும் சமவெளியும் மாறி மாறி வரும் ஒரு அதிவேக ரயில் பாதைக்கு அலுவலகத்தில் இரண்டு தடங்கள் வரைந்து பார்த்தேன். ஒன்று மணிக்கு 250 கி.மீ. வேகத்துக்கு, மற்றது 350-க்கு. கடைசியில் 250-க்குத்தான் எழுதிக் கொடுத்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

350-இல் சீக்கிரம் போய்ச் சேரலாம், மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அது தெரிந்த கதை. கையைக் கடிப்பது வளைவு.

வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் 1.4 மடங்கானால் ஆரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 250-க்கு 3 கி.மீ. ஆரம் போதுமான இடத்தில் 350-க்கு 6 கி.மீ. வேண்டும். 3 கி.மீ. என்றால் குன்றைச் சுற்றிக்கொண்டு, ஊரை ஒதுக்கிவிட்டுப் போகலாம். 6 கி.மீ. என்றால் தடம் வளைந்து கொடுக்காது. குன்று வந்தால் சுரங்கம், பள்ளம் வந்தால் பாலம், ஊர் வந்தால் வீடுகளுக்கு இழப்பீடு. காற்றழுத்தம் காதை அடைக்காதிருக்கச் சுரங்கத்தையும் பெரிதாகக் குடைய வேண்டும். சீனாவில் இரட்டைத் தடச் சுரங்கத்தின் உட்பரப்பு 250-க்குச் சுமார் 90 சதுர மீட்டர், 350-க்கு 100.

இத்தனைக்கும் மிச்சமாவது 100 கி.மீ.க்கு 7 நிமிடம். நடுவே நிறுத்தங்கள் வந்தால் அதிலும் குறையும். பிரிட்டனின் அதிவேக ரயில் திட்டமான எச்எஸ்2-இன் லண்டன்–பர்மிங்காம் தடத்தை 400 கி.மீ. வேகத்தைத் தாங்கும்படி வகுத்தார்கள். செலவு ஏறிக்கொண்டே போய், 2023 அக்டோபரில் பர்மிங்காமுக்கு வடக்கே மான்செஸ்டர் செல்லும் பகுதியைக் கைவிட்டார்கள். வேகம் மட்டுமே காரணமில்லை, அதற்கும் பங்குண்டு.

350-க்காரர்களிடமும் நியாயம் இருக்கிறது. உலக வங்கியின் 2019 அறிக்கைப்படி சீனாவில் கி.மீ.க்குச் சராசரிச் செலவு 350 பாதைகளில் 13.9 கோடி யுவான், 250 பாதைகளில் 11.4 கோடி. வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பெய்ஜிங்–ஷாங்காய் போல 1,318 கி.மீ. நீளம் என்றால் நானும் 350-க்கே கை தூக்குவேன். பராமரிப்பில் நான் வேலை பார்த்ததில்லை. அதிக வேகத்தில் தேய்மானம் கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னை உறுத்துவது ஜப்பானின் அதிவேக ரயில் பாதையான டொக்கைடோ ஷின்கான்சென்தான். 1964-இல் 210 கி.மீ. வேகத்துக்காக 2,500 மீட்டர் ஆரத்தில் போட்ட வளைவுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பெட்டியைச் சாய்த்து ஓட்டியும் 285-க்கு மேல் போக முடியவில்லை. அதே நாட்டில் 4,000 மீட்டர் ஆரத்தில் போட்ட சான்யோ பாதையில் 300 ஓடுகிறது. ரயிலை மாற்றலாம், வளைவை நிமிர்த்துவது லேசுப்பட்டதில்லை. அதனால் என் வரைபடத்திலும் சமவெளித் துண்டில் மட்டும் 6 கி.மீ. ஆரத்தையே விட்டுவைத்தேன். அங்கே குடையவும் ஒன்றுமில்லை, இடிக்கவும் ஒன்றுமில்லை.