'ராட் போச்சு' என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்: பழைய லான் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

பழைய லான் டிராக்டர் (உட்கார்ந்து ஓட்டியபடி புல் வெட்டும் சின்ன வண்டி) ஒன்று உங்களிடம் இருந்து, அது 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்திருந்தால், பட்டறைக்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். செய்யாத வேலைக்கு என்னிடம் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார்கள்.

என்னுடையது ஒற்றை சிலிண்டர், கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) செங்குத்தாக நிற்கும் இன்ஜின். ஐடிலில் (குறைந்த வேகத்தில் சும்மா ஓட) விட்டால் அடிப்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். த்ராட்டிலை ஏற்றினால் குறையும், சில நேரம் கேட்கவே கேட்காது. இதை அப்படியே பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, எட்ட நின்று கேட்டுவிட்டு, "கனெக்டிங் ராட் போச்சு சார். இப்படியே ஓட்டினா பிளாக்கை உடைச்சுக்கிட்டு வெளியே வந்துரும்" என்று ஒரே போடாகப் போட்டார். ஒரு மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அந்தப் பயமுறுத்தல் வெறும் கதை இல்லை, அதுதான் அவர்களுக்கு வசதி. இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் ராட், அதாவது பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கம்பி, அலுமினியம்தான். கார் இன்ஜினில் இருப்பதுபோலத் தனி பேரிங் கிடையாது. அலுமினியமே நேராக கிராங்க் மேல் சுழலும். ஆயில் குறைந்தால் அது தேயும், முறிந்தால் பிளாக்கில் ஓட்டை போடும். இது தெரிந்தவனுக்குத்தான் பயம் அதிகம். சரி, மாற்றுங்கள் என்றேன்.

வண்டி திரும்பி வந்தது. பில்லில் புது ராட், புது கேஸ்கெட் செட் (மூட்டுகளில் கசியாமல் இருக்க இடையில் வைப்பது), இன்ஜினை இறக்கி ஏற்றிய கூலி எல்லாம் இருந்தன. சத்தமும் அடங்கித்தான் இருந்தது. ஆனால் ஐடில் வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறதே என்று திருகைப் பழைய அளவுக்குக் குறைத்தேன். அதே டொக் டொக்.

அப்புறம் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இந்த வகை இன்ஜினில் ராட் மாற்றக் குறுக்குவழியே கிடையாது. இன்ஜினை ஃப்ரேமிலிருந்து இறக்க வேண்டும், அடியில் சம்ப்பை (ஆயில் நிற்கும் அடிமூடியை) கழற்ற வேண்டும், சிலிண்டர் மூடியான ஹெட்டைத் திறந்து பிஸ்டனை மேல்வழியாக உருவ வேண்டும். என் வண்டியிலோ சம்ப் போல்ட் தலைகளில் ஆயிலும் புல்தூளும் சேர்ந்து இறுகிய பழைய அழுக்கு அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒரு போல்ட்டிலும் இல்லை. இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்களில் துருகூடக் கலையவில்லை. புது கேஸ்கெட்டை எங்கே போட்டார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அதே வெளிச்சத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிராங்க் ஷாஃப்ட்டின் கீழ்முனையில் இருக்கும் புல்லியின் நடுத்துளையைச் சுற்றி, செம்பழுப்பு நிறத்தில் நைசான தூள். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் உதிர்கிற துருத்தூள் அது. பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு (இதை மறக்கவே கூடாது, கையால் திருப்பினாலே இன்ஜின் உதைக்கலாம்) புல்லியைப் பிடித்து அசைத்தேன். ஷாஃப்ட் நகரவில்லை, புல்லி மட்டும் 'கடக்' என்று ஆடியது. போல்ட் தளர்ந்து, புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ தேய்ந்து, அது உட்காரும் பள்ளமும் அகன்றுபோயிருந்தது.

ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஷாஃப்ட் ஒருமுறை முந்தும், தளர்ந்த புல்லி பின்தங்கிப்போய் அதில் மோதும். வேகம் கூடினால் சுற்று சீராகி, சத்தம் அடங்கும். ராட் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் நேர்மாறு: வேகமும் சுமையும் ஏற ஏறச் சத்தமும் ஏறும். நான் சொன்ன அறிகுறியிலேயே பதில் இருந்தது. ஐடிலைக் கூட்டி வைத்து அனுப்பியவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

புது புல்லி, புது கீ போட்டு, போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, சரியான அளவு விசையில் இறுக்கினேன். சத்தம் நின்றது.

யாராவது 'ராட்' என்று ஆரம்பித்தால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். பெல்ட்களைக் கழற்றி ஓட்டிப் பார்த்தால் வெட்டும் பகுதியிலிருந்து வரும் சத்தமெல்லாம் கழிந்துவிடும். பிளக் துளை வழியாக ஒரு மரக்குச்சியை பிஸ்டன் மேல் ஊன்றிக்கொண்டு ஃப்ளைவீலை (ஷாஃப்ட்டோடு சுற்றும் கனமான சக்கரத்தை) கையால் லேசாக முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது, ஃப்ளைவீல் நகர்ந்தும் குச்சி அசையாமல் நின்றால் ராட் மேல் சந்தேகப்படலாம். உச்சியில் வைத்துப் பார்த்தால் பிஸ்டன் இயல்பாகவே நிற்கும், அதை வைத்து உங்களை ஏய்க்க முடியும். ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தால், தேய்ந்த அலுமினியம் வெள்ளிப் பொடியாக மின்னும், காந்தத்தில் ஒட்டாது. என் ஆயிலில் அப்படி எதுவும் இல்லை. ஃப்ளைவீல் நட் தளர்ந்தாலும், பிளேடு போல்ட் தளர்ந்தாலும், பிஸ்டன் தலையில் கரி தடித்து ஹெட்டில் இடித்தாலும் இதே மாதிரி தட்டும். எல்லாமே ராட்டைவிடச் சின்ன வேலை.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே, கழற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள். நான் பழைய ராட்டைக் கேட்டபோது "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு" என்றார் பட்டறைக்காரர். சம்ப் போல்ட் படங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பையன் ஏதோ தப்பு பண்ணியிருப்பான்" என்று சொல்லி ராட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் வாங்கியதை மட்டும் திருப்பிக் கொடுத்தார். இறக்காத இன்ஜினை இறக்கி ஏற்றியதற்கான கூலியைத் தர மறுக்கிறார். எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.