லாரிக்கு வீல் அடாப்டர் வாங்கி மூன்று மாதத் தவணைப் பணத்தைத் தொலைத்தேன்

நடந்தது முந்தாநாள். அடாப்டரை, அதாவது அளவு சேராத ரிம்மை மாட்ட நடுவில் போடும் வட்டை, எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் பணம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆத்திரம் அடங்காது.

என் வண்டியின் ஹப் (அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பாகம்) பத்து ஸ்டட் (நட் ஏறும் போல்ட்), பிசிடி (ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 285.75, நடு விட்டம் 220 மில்லிமீட்டர். கைக்கு வந்த நல்ல ரிம்களும் பத்து ஓட்டைதான். ஆனால் பிசிடி 335, நடு ஓட்டை 281. இரண்டையும் சேர்க்க அடாப்டர் வேண்டும். கனரக வண்டிப் பாகங்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் விசாரித்தேன்.

நான் ஏமாந்த இடம் இதுதான். அளவைச் சொன்னதும் அந்த ஆள் விலை பேசவில்லை. "ஹப்பைத் துடைச்சிட்டு நேரா ஒரு போட்டோ அனுப்புங்க சார். நட்டு கூம்பு நட்டா, வாஷரோட வர்ற தட்டை நட்டா?" என்று கேட்டார். கூம்பு நட் ரிம்மைத் தானே நடுவில் இழுத்து நிறுத்தும், தட்டை நட்டுக்கு அது முடியாது, ஹப்பின் விளிம்புதான் ரிம்மை நடுவில் தாங்க வேண்டும். இது தெரிந்தவன்தான் இப்படிக் கேட்பான் என்று நம்பினேன். தட்டை நட் என்றேன். "ஃபோர்ஜிங் பீஸ் சார், கண்ண மூடிட்டு மாட்டுங்க" என்றார். ஃபோர்ஜிங் என்றால் அடித்து உருவாக்கியது.

வந்ததில் ரிம் பக்கம் விளிம்பே இல்லை, வழவழவென்று தட்டை. ஹப் பக்கமும் லொடலொட. மேலே தடியாகக் கறுப்புப் பெயிண்ட். போன் போட்டேன். "டைட் பண்ணா தானா சென்டர் ஆயிடும் சார்" என்றார். தெரிந்தே அனுப்பியிருக்கிறான்! என் மெக்கானிக், "வேணாம்ணே, திருப்பி அனுப்பிடுங்க" என்று சொன்னான். அந்தத் தளத்துக்காரனை நம்பி, இவன் பேச்சைத் தட்டினேன். அது என் தப்பு.

டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து 650 நியூட்டன் மீட்டரில்தான் முறுக்கினோம். கிளம்பியதிலிருந்தே ஸ்டீயரிங் உதறல். 80 கிலோமீட்டரில் நிறுத்தி, வெளியே தெரியும் நட்டுகளை மறுபடி முறுக்கினேன். அடாப்டரை ஹப்போடு பிடிக்கும் உள் நட்டுகள் ரிம்முக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, ரிம்மைக் கழற்றாமல் அவற்றைத் தொடவே முடியாது. அது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. 200 கிலோமீட்டர் வாக்கில் டக் டக் என்று சத்தம். ஓரங்கட்டிக் கழற்றினால் உள் நட்டுகளில் நான்கு கையாலேயே சுற்றுகின்றன. இரண்டு ஸ்டட் முறிந்து, அடாப்டரின் ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருந்தன. பெயிண்ட் நசுங்கியதில் பிடிப்பு போயிருக்கிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில், உருக்கி ஊற்றிய வார்ப்பில் வரும் மணல் அச்சின் சொரசொரப்பு, ஊசி ஓட்டைகள். ஃபோர்ஜிங்காம்!

சக்கரம் முன் அச்சிலிருந்து கழன்று எதிரே வந்தவர் மேல் போயிருந்தால்? இன்னும் தூக்கம் வரவில்லை.

அடாப்டர், ஸ்டட், ஒரு ரிம், வண்டியை இழுத்து வந்த செலவு, ஓடாத நாட்கள். கூட்டிப் பார்த்தால் வண்டியின் மூன்று மாதத் தவணை.

அந்தத் தளத்துக்குப் புகார் சொன்னேன். முதலில் பேசியவர் "அதிகமா முறுக்கிட்டீங்க" என்றார். ரெஞ்ச் அளவைச் சொன்னதும் அடுத்தவர் "கம்மியா முறுக்கிட்டீங்க" என்றார். மூன்றாவது ஆள், மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மாட்டாமல் எப்படிய்யா தெரியும்? போட்டோ கேட்ட அந்த மகான் இப்போது போனையே எடுப்பதில்லை. மூன்று மாதத் தவணை, ஐயா!

சரி, சொல்ல வந்தது. ஹப்பின் நடு விட்டம், ரிம்மின் நடு ஓட்டை விட்டம் இரண்டையும் நீங்களே வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து எழுதிக்கொடுங்கள். ஒரு பக்கம் விளிம்பு பொருந்தாவிட்டாலும் அந்த அடாப்டரைத் தட்டை நட் வண்டியில் மாட்டாதீர்கள். உட்காரும் முகத்தில் தடிப் பெயிண்ட் கூடாது. 80 கிலோமீட்டருக்குப் பிறகு ரிம்மைக் கழற்றி உள் நட்டையும் பாருங்கள். நட்டைச் சுற்றித் துருவின் கோடு தெரிந்தால் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். முடிந்தால் அடாப்டரே வேண்டாம், ஹப்புக்குச் சேரும் ரிம்மைத் தேடுங்கள். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், புது ஸ்டட் வந்துவிட்டதாம், மெக்கானிக் கூப்பிடுகிறான்.