பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்த பெர்சியன் குட்டி: அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எட்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரில் இருக்கும் ஒரு ப்ரீடரிடம் (பூனைகளை இனப்பெருக்கம் செய்து விற்பவர்) பெர்சியன் பூனைக்குட்டி வாங்கினேன். நான் இருப்பது திருநெல்வேலி, அதனால் நேரில் போகாமல் வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்துவிட்டேன். அவர் பெயரை எழுதவில்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்து ஸ்டாருக்கு ஒன்றுதான் கொடுப்பேன், அதுவும் கேட்ட நிறத்தில் குட்டி வந்ததற்காக.

"டால் ஃபேஸ், ட்ரிபிள் கோட், 60 நாள் குட்டி, தடுப்பூசி போட்டாச்சு" என்று சொல்லி 18,000 கேட்டார். டால் ஃபேஸ் என்றால் மூக்கு சப்பையாக இல்லாத முகம், ட்ரிபிள் கோட் என்றால் அடர்த்தியான முடி. ஜிபேயில் 5,000 அட்வான்ஸ் போட்டேன். அதுவரை கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பதில் வந்துகொண்டிருந்தது. பணம் போன பிறகு பஸ் செலவுக்கு 2,500, தூக்கிவரும் பைக்கு 800 என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது, குட்டியை ஏற்றுவதற்கு முன்னாலேயே மீதியையும் போட்டாக வேண்டும் என்றார். தாய்ப் பூனையைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டேன். வீடியோ கால் என்றால் நெட்வொர்க் இல்லை, பதிவு செய்த வீடியோதான் வரும். குட்டி வீடியோவில் சிவப்புத் தரை, தாய் வீடியோவில் வெள்ளை டைல்ஸ். அதை நான் கவனித்தது எல்லாம் முடிந்த பிறகு.

காலை ஆறரைக்கு எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் ஆம்னி பஸ் வந்து நின்றது. கிளீனர் லக்கேஜ் கதவைத் திறந்து, ஓட்டை போட்ட ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினார். பையும் இல்லை ஒன்றும் இல்லை. டேப்பைப் பிரித்தால் கீழே விரித்திருந்த செய்தித்தாள் மூத்திரத்தில் ஊறிக் கூழாகிக் கிடக்கிறது, மூலையில் குட்டி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இடது கண் பீளை கட்டித் திறக்கவே முடியவில்லை. கத்தக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்துத்தான் அந்தக் கண் திறந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோனேன். எடை 580 கிராம். வாயைத் திறந்து பார்த்தவர், கடைவாய்ப் பால் பற்கள் இன்னும் முழுசாக முளைக்கவில்லை, இது ஆறு வாரக் குட்டி, 60 நாள் எல்லாம் இல்லை என்றார். எட்டு வாரத்தில் ஏறக்குறைய 900 கிராம் இருக்க வேண்டுமாம். தடுப்பூசி அட்டையில் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தது. உண்மையாகப் போட்டிருந்தால் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர் பேட்ச் எண்ணோடு ஒட்டியிருக்கும், பக்கத்தில் டாக்டரின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். அப்படியே போட்டிருந்தாலும், அவ்வளவு சின்ன வயதில் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தை வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும் என்றும், அதனால்தான் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரம் விட்டுத் திரும்பப் போடுகிறோம் என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாட்டுப் பூனை இருக்கிறது. புதுக் குட்டியைத் தனி அறையில், தனித் தட்டு, தனி மணல் பெட்டியோடு இரண்டு வாரம் வைக்கச் சொன்னார் டாக்டர். நாய்க்குட்டிகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் மாதிரி பூனைகளுக்கு வரும் குடல் நோய் உடம்புக்குள் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும், குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும் நோய் அது. நல்லவேளை, அது இல்லை. ஆனால் பத்தாம் நாள் காது ஓரத்தில் முடி கொட்டி வட்டமாக ஒரு திட்டு, அடுத்த வாரம் என் மகளின் முழங்கைக்குக் கீழே அதே வட்டம். படர்தாமரை. மயிர் அடர்ந்த பெர்சியனில் இது சர்வ சாதாரணம், மனிதர்களுக்கும் ஒட்டும். குழந்தைக்கும் குட்டிக்கும் மருந்து, போர்வை தலையணை எல்லாம் துவைத்து வெயிலில் போடுவது என்று ஒன்றரை மாதம் ஓடியது. ப்ரீடரிடம் சொன்னேன். "கைமாறி 24 மணி நேரம் வரைக்கும்தான் எங்க பொறுப்பு மேடம்" என்று ஒரு வரி வந்தது, அப்புறம் பிளாக்.

தூரத்தில் இருப்பவரிடம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், தாயும் குட்டியும் திரையில் ஒன்றாகத் தெரிகிற மாதிரி நேரலை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், அன்றைய தேதியை எழுதிய தாளைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும் சரி. தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் இருக்கும் டாக்டருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கடை வைத்து விற்பவர் என்றால் 2018 விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேளுங்கள். மீதிப் பணம் குட்டி கைக்கு வந்த பிறகுதான். முடிந்தால் ஒரு இரவு பஸ் பயணத்தின் சிரமத்தைப் பார்க்காமல் நீங்களே போய் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள், அந்த லக்கேஜ் பெட்டிக்குள் எந்தக் குட்டியும் வரக்கூடாது.

இன்னொன்று, பெர்சியனில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் உண்டு. தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணு சோதனையில் தெரிந்துவிடும், அந்த ரிப்போர்ட்டைக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. பத்து மாதத்துக்கு மேல் ஸ்கேனில் நன்றாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். இப்போது மூன்றரைக் கிலோ, நாட்டுப் பூனையின் வயிற்றில் தலை வைத்துத் தூங்குகிறது.