களஞ்சியம் காலியானால் மதில் எதற்கு? ஸ்ட்ராங்ஹோல்டுடன் 18 வருடங்கள்

2007-ல் கல்லூரி விடுதியில், அறைத்தோழனின் கணினியில்தான் ஸ்ட்ராங்ஹோல்ட் க்ரூசேடரை முதன்முதலில் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு நான்கு கணினி மாறிவிட்டது. புதிதாக எது வாங்கினாலும் முதலில் ஏற்றுவது இந்த கேமைத்தான். எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் இத்தனை வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

லண்டனின் ஃபயர்ஃபிளை ஸ்டுடியோஸ் உருவாக்கிய ஸ்ட்ராங்ஹோல்ட் வரிசையின் முதல் பாகம் 2001-ல் வந்தது. இடைக்கால ஐரோப்பா, பச்சை வயல், கல்கோட்டை. அடுத்த வருடமே வந்த க்ரூசேடர் அதே ஆட்டத்தைச் சிலுவைப் போர்க் காலத்துப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனது. கோட்டை கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், எதிரிப் பிரபுவைக் கொல்ல வேண்டும். நம் பிரபு செத்தால் ஆட்டம் முடிந்தது. இப்படிச் சொன்னால் வழக்கமான போர் கேம் மாதிரிதான் தெரியும். என்னை இத்தனை வருடம் பிடித்து வைத்திருப்பது இதில் வரும் ரொட்டி.

கோதுமை விளைந்ததும் விவசாயி அதைச் சுமந்துவந்து பொருள் குவிக்கும் திடலில் இறக்குவான். காற்றாலையில் வேலை பார்க்கும் மூன்று பையன்கள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, அரைத்த மாவை மறுபடி அதே திடலில் கொண்டுவந்து போடுவார்கள். ரொட்டி சுடுபவன் மாவை எடுத்துப்போய்ச் சுட்டு, நடந்துபோய்க் களஞ்சியத்தில் சேர்ப்பான். ஒவ்வொரு அடியும் நம் கண்முன்னே நடக்கும். ஆலையைத் தூரத்தில் வைத்தால் அந்தப் பையன்கள் பாதி நாள் நடந்தே தீர்த்துவிடுவார்கள், ஊர் பட்டினி கிடக்கும். ஆலை திடலை ஒட்டியும், ரொட்டிக்கூடங்கள் திடலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவிலும் இருக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. புரிந்த அன்று கிடைத்த சந்தோஷம் எந்தப் போரில் ஜெயித்தபோதும் கிடைத்ததில்லை.

மாட்டுப் பண்ணையிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. பாலாடைக்கட்டி தருகிற அதே மாட்டைத்தான் தோல் பதனிடுபவன் வந்து ஓட்டிக்கொண்டு போவான், படைவீரனுக்குத் தோல் கவசம் செய்ய. படையைப் பெருக்கினால் சாப்பாட்டில் ஒரு வகை குறையும். சாப்பாட்டு வகை குறைந்தால் மக்கள் ஆதரவும் குறையும்.

அந்த ஆதரவு எண்தான் ஆட்டத்தின் உயிர். 50-க்குக் கீழே இறங்கினால் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வழக்கமான பங்கு உணவு கொடுத்தால் ஆதரவில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரட்டைப் பங்குக்கு 8 ஏறும், ஒன்றுமே கொடுக்காவிட்டால் 8 இறங்கும். வரி போட்டால் இறங்கும், மதுக்கடையில் ஏல் என்ற பீர் ஓடினால் ஏறும். தூக்குமரம் நட்டு ஊரைப் பயமுறுத்தினால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் படைவீரர்கள் சோர்ந்து சண்டையிடுவார்கள். தோட்டம் வைத்தால் வேலை மந்தமாகும், படை தெம்பாக நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நான் தோட்டத்தோடு நின்றுவிட்டேன். தூக்குமரத்தால் பொன் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் எப்படிக் கோட்டையை வீழ்த்தும் என்பதைக் கணினி ஆடும் எதிரிப் பிரபுக்களில் ஒருவனான கலீஃபாவிடம் தோற்றுத்தான் தெரிந்துகொண்டேன். என் கோட்டைக்கு இரட்டை மதில், சதுரக் கொத்தளங்கள், மேலே 60 குறுக்குவில் வீரர்கள், சுற்றிலும் அகழி. பாலைவனத்தில் பயிர் விளைவது புல் முளைத்த இடத்தில் மட்டும்தான், அந்த இடமோ மதிலுக்கு வெளியே. அவன் அனுப்பிய அடிமைகள் தீப்பந்தத்தோடு நேரே வயலுக்குப் போனார்கள். மதிலை ஒருவன்கூடத் தொடவில்லை. வயல் எரிந்தது, களஞ்சியம் வற்றியது, ஆதரவு சரிந்தது. நடுமுற்றத்து நெருப்பைச் சுற்றி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களைத்தான் ஐரோப்பியப் படையில் சேர்க்க முடியும். அங்கே ஒருவரும் இல்லை. ஆயுதக் கிடங்கு நிறைய வில் இருந்தும் எடுக்க ஆள் இல்லை. அவனுடைய பெரும்படை வந்து சேர்ந்தபோது என் ஊர் ஏற்கெனவே காலி. அன்றுமுதல் மதிலுக்கு ஒரு கல் வைக்கும் முன்பே வயலுக்குப் பக்கத்தில் ஒரு காவல் கோபுரமும் ஒரு கிணறும் வைத்துவிடுவேன்.

முற்றுகையிடுவது உழிஞை, மதிலுக்குள் நின்று காப்பது நொச்சி என்று தமிழ் வகுப்பில் படித்திருப்போம். எனக்கு எப்போதும் நொச்சிப் பக்கம்தான். தார் ஊற்றிய பள்ளத்தை எதிரி பாதி கடக்கும்வரை பொறுத்திருந்து, ஒரே ஒரு தீயம்பு விடுவிக்கும் அந்த நொடிக்காகவே இன்னும் விளையாடுகிறேன். பள்ளம் வீடுகளை ஒட்டி இருந்தால் நம் ஊரும் சேர்ந்து எரியும், அதையும் மறக்கக் கூடாது.

க்ரூசேடரில் குறை இல்லாமல் இல்லை. படையை அணிவகுத்து நிறுத்துவது சிரமம். எதிரிப் பிரபுக்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் சில வரைபடங்களையே திரும்பத் திரும்பக் கட்டுவார்கள். 'ஓநாய்' என்ற பிரபுவின் கோட்டையில் வாசல் எங்கே, கொத்தளம் எங்கே என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனாலும் தொடர்ச்சியாக 50 போர்கள் கொண்ட அதன் சண்டைப் பாதையை மூன்று முறை முடித்திருக்கிறேன். 'எலி' என்ற பிரபு முதலில் வருவான், எளிதில் விழுவான். பின்பாதியில் மூன்று நான்கு எதிரிகள் கூட்டணி சேர்ந்து வரும்போது ஒரு நிமிடம் அசந்தாலும் தொலைந்தோம்.

பின்னால் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005-ல் வந்த இரண்டாம் பாகம் முப்பரிமாணத்துக்கு மாறியது. திருடர்கள், எலிகள், தெருவில் சேரும் கழிவு என்று கவனிக்க நிறைய வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கும், வேகம் விரும்புகிறவர்களுக்குப் பிடிக்காது. 2006-ன் லெஜண்ட்ஸில் டிராகன் பறக்கிறது, ஒரு தடவை போதும். 2011-ன் மூன்றாம் பாகத்தில் மதிலை எந்தக் கோணத்திலும் வளைக்கலாம் என்பது நல்ல யோசனை, ஆனால் பழைய உணவுச் சங்கிலியின் தெளிவு அதில் மங்கிவிட்டது. 2014-ன் க்ரூசேடர் 2 பரவாயில்லை. சீனா, வியட்நாம், மங்கோலியப் பின்னணியில் 2021-ல் வந்த வார்லார்ட்ஸில் அண்டைச் சிற்றரசர்களை நம் பக்கம் இழுக்கும் வேலையே அதிகம், கோட்டை பின்னுக்குப் போய்விடுகிறது.

முதல் பாகம் 2023-லும் க்ரூசேடர் 2025-லும் டெஃபினிட்டிவ் எடிஷனாகத் திரும்ப வந்தன. படங்களைக் கூர்மையாகத் தீட்டியிருக்கிறார்கள், க்ரூசேடரில் பெதுவின் என்ற பாலைவன நாடோடி வீரர்களைச் சேர்த்திருக்கிறார்கள். அடிப்படையில் கை வைக்கவில்லை, அதற்கு என் மனமார்ந்த நன்றி. புதிதாக வருபவர்கள் முதல் பாகத்தின் டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்கி, சண்டை முக்கியமில்லாத பொருளாதாரப் பணிகளில் இரண்டு வாரம் செலவழியுங்கள். ரொட்டி தடையில்லாமல் களஞ்சியத்துக்கு வர ஆரம்பித்ததும் க்ரூசேடருக்குப் போகலாம். நான் இப்போது அதில் நான்காவது சுற்றாக 31-வது போரில் நிற்கிறேன். எதிரே ஓநாய், என் களஞ்சியத்தில் 200 ரொட்டி இருக்கிறது.