ஃபோனா, அப்பத்தாவா, கேம்பிளா?

தேவிபட்டினம் பக்கம் நாங்கள் குடிவந்த வீட்டில், ஐப்பசி மழை விட்டதும் கொல்லையெல்லாம் பச்சை. நட்டது பாதி, தானாக முளைத்தது பாதி. எது என்ன செடி என்று தெரிந்துகொள்ள மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்: ஃபோன் செயலி, ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு அப்பத்தா, கேம்பிள் எழுதிய மதராஸ் மாகாணத் தாவர நூல்.

தொட்டிச் செடிக்கு ஃபோன்தான். நர்சரியில் பெரணி என்று சொல்லி விற்ற ஒன்றைப் படம் எடுத்தேன். பெரணியே இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம் என்றது. சரிதான், தண்டில் முள் இருந்தது, அப்புறம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூவும் வந்தது. பெரணி ஏது பூக்க? நர்சரிச் செடிகள் எந்த ஊரிலும் அதேதான். படங்கள் கொட்டிக் கிடப்பதால் ஃபோன் தடுமாறுவதில்லை.

தானாக வந்தவற்றில்தான் உளறல். கிணற்றடி ஈரத்தில் நாலு இலை விரித்து நின்றதை ஒருமுறை க்ளோவர் என்றது, மறுமுறை புளியாரை என்றது. அப்பத்தா குனியக்கூட இல்லை. "ஆரைக்கீரைய்யா இது. புளியாரைக்கு மூணு இலைதானே?" புளியாரை என்றால் வாயில் வைத்ததும் புளிக்கும், மஞ்சளாகப் பூக்கும். இதில் பூவைக் காணோம். இளங்குருத்து நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தது. நாம் வதக்கித் தின்னும் ஆரைதான் அசல் பெரணி! அப்பத்தாவிடம் சொன்னேன். "என்னவோ, பருப்புப் போட்டுக் கடைஞ்சா நல்லாருக்கும்" என்றார்.

வேலியோரப் புதருக்கு ஃபோன் மூன்று பெயர் கொடுத்தது, ஒன்றிலும் அதற்கே நம்பிக்கையில்லை. அப்பத்தா ஒரே பெயர்தான் சொன்னார், சங்கஞ்செடி. கணுவுக்குக் கணு முள், எதிரெதிராக இலை, இலை நுனியிலும் ஊசி. பக்கத்தில் நின்ற உகாயின் இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொன்னார். கடுகு நெடி மூக்கில் ஏறியது. படத்துக்கு வாசனை ஏது? ஆனால் அப்பத்தாவுக்கும் எல்லை உண்டு. தொட்டியில் இருப்பதெல்லாம் அவருக்கு "பூச்செடி"தான். சங்கஞ்செடியையே வேறு ஊரில் இசங்கு என்பார்கள்.

கேம்பிள் கடைசி. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த நூல். 1925இல் அவர் இறந்தபின் ஃபிஷர் முடித்தார். பூ இல்லாமல் அதைத் திறந்து பயனில்லை, பெரணிகள் அதில் கிடையவே கிடையாது. ஆனால் சங்கஞ்செடியும் உகாயும் ஒரே குடும்பம் என்று எனக்குச் சொன்னது அதுதான்.

தின்பதற்கு மட்டும் ஃபோனை நம்பமாட்டேன்.

சுவர் மூலையில் இடுப்பளவு ஒன்று நிற்கிறது. ஃபோன் தினம் ஒரு பெயர் சொல்கிறது. "இந்தப் பக்கம் பார்த்ததில்லையே, ஆடும் வாய் வைக்கல" என்கிறார் அப்பத்தா. பூக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.