ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கு ஒரு சிடி ஸ்கேன்: பேக்ஸுடன் 7 ஆண்டு அனுபவம்

பெங்களூருவில் ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையின் கதிரியக்கவியல் துறையில், படச் சேமிப்பைப் பராமரிக்கும் பொறுப்பில் 7 ஆண்டுகளாக இருக்கிறேன். சிடி, எம்ஆர்ஐ, எக்ஸ்ரே எந்திரங்களிலிருந்து படங்களை வாங்கிச் சேமித்து, மருத்துவர் கேட்கும் திரையில் காட்டும் இந்த ஏற்பாட்டைத் துறையில் எல்லாரும் பேக்ஸ் என்றே சொல்கிறோம். விற்க வருபவர்கள் எத்தனை டெராபைட், எத்தனை ஜிகாபிட் என்று பேசுவார்கள். நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பது பல இரவுகள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

எங்கள் கிளை ஓசூரில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பக்கவாதத்தோடு வருபவர்களுக்கு அங்கே ஸ்கேன் எடுப்பார்கள்; படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவர் இரவில் பெங்களூருவில் இருப்பார். சிடியின் ஒரு துண்டுப் படம் 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஆக ஏறத்தாழ அரை மெகாபைட். மூளை ரத்தக்குழாய்களையும் சேர்த்து எடுத்தால் 1200 படங்கள், 600 மெகாபைட். எங்கள் 50 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி இது 96 விநாடியில் வந்து சேர வேண்டும். 6 நிமிடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது நரம்பியல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்த 4 நிமிட இடைவெளியை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இணைப்பை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். அதற்கு முன் சர்வரின் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். மருத்துவப் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் எல்லா எந்திரங்களும் பின்பற்றும் பொது விதிமுறை டைகாம். 1993-இல் இன்றைய வடிவத்துக்கு வந்த அந்தத் தரத்தின்படி, பெரும்பாலான எந்திரங்கள் ஒரு படத்தை அனுப்பி, அது கிடைத்ததென்று சர்வர் பதில் சொன்ன பிறகே அடுத்ததை அனுப்புகின்றன. எங்கள் சர்வரோ ஒவ்வொரு படத்தையும் வட்டில் எழுதி, தரவுத்தளத்தில் பதிந்து, வைரஸ் சோதனையும் முடித்த பிறகுதான் பதில் தந்தது. படத்துக்கு 0.2 விநாடி என்றால் அற்பமாகத் தோன்றும். 1200 படங்களுக்கு அதுவே 4 நிமிடம். படங்கள் வந்து விழும் கோப்புறைக்கு மட்டும், பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலோடு, வைரஸ் சோதனையைப் பிறகு நடக்கும்படி மாற்றினோம். ஒரே ஸ்கேனை 4 இணைப்புகளில் பிரித்து அனுப்பும்படி அமைத்தோம். 2 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. தரம் குறையாத ஜேபெக் 2000 சுருக்கத்தை ஓசூரிலேயே செய்து அனுப்பத் தொடங்கியதும் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. இணைப்புக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவிடவில்லை.

வேகத்தைவிட என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. ஒரு நாள் விடியற்காலையில் ஓசூர் டெக்னீஷியன் அழைத்தார்: "அண்ணா, இங்க எல்லாம் போயிடுச்சுன்னு காட்டுது. டாக்டருக்குப் பாதியில நிக்குதாம்." எண்ணிப் பார்த்தால் 1200-க்கு 1146 தான் வந்திருந்தது. நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது. விடுபட்ட 54 படங்களை எந்திரம் மறுபடி முயலவே இல்லை. அன்று எந்திரத்திலேயே படங்கள் இருந்ததால் திரும்ப அனுப்பிவிட்டோம். பழையவற்றைத் தேடியபோது கிடைத்த இன்னொரு ஸ்கேனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்திரத்தின் வட்டு நிறைந்ததும் பழையன தானாக அழிந்துவிடும். அந்த அம்மாவை மறுபடி வரவழைத்து, மறுபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டியதாயிற்று. 'படம் பத்திரமாக என்னிடம் இருக்கிறது, நீ அழிக்கலாம்' என்று சர்வர் உறுதி கொடுக்கும் வசதி டைகாமிலேயே உண்டு. ஸ்டோரேஜ் கமிட்மென்ட் என்பார்கள். நிறுவ வந்தவர்கள் அதை முடுக்கிவிடாமலே போயிருந்தார்கள், நாங்களும் கேட்கவில்லை.

தமிழ்ப் பெயர்களால் வரும் தாமதத்தை எந்தக் கையேடும் சொல்வதில்லை. டைகாமில் குடும்பப்பெயர் முதலில், சொந்தப்பெயர் அடுத்து. நமக்கு ஏது குடும்பப்பெயர்? ஓசூரில் 'கே செல்வி', பெங்களூருவில் 'செல்வி கே', ஆதாரைப் பார்த்துப் பதிந்தால் 'செல்வி குமார்' என ஒரே பெண் மூன்று நோயாளிகளாகிவிடுவார். மறுநாள் வரவிருப்பவரின் பழைய படங்களை இரவிலேயே வேகமான எஸ்எஸ்டிக்குக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு எங்களிடம் உண்டு, ஆனால் நோயாளி எண் பொருந்தாவிட்டால் அது எதையும் கொண்டுவராது. பழைய கட்டியோடு ஒப்பிடாமல் புதிய கட்டி வளர்ந்ததா என்று மருத்துவர் எப்படிச் சொல்வார்? இரு கிளைகளுக்கும் ஒரே நோயாளி எண் கொடுத்து, எந்திரத்தில் பெயரைத் தட்டச்சு செய்வதை நிறுத்தி, பதிவு மேசையிலிருந்தே பட்டியல் இறங்கும்படி செய்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது.

இடையில் ஒருமுறை மென்பொருளை மாற்றினோம். படங்கள் எல்லாம் பழுதில்லாமல் வந்தன. மருத்துவர்கள் அவற்றின் மேல் போட்டிருந்த அம்புக்குறிகளும் அளவுகளும் வரவில்லை. பழைய நிறுவனம் அவற்றை டைகாம் வடிவில் வைக்காமல் தன் தரவுத்தளத்துக்குள் தனக்கே உரிய வடிவில் பூட்டி வைத்திருந்தது. வாங்கும் முன் குறியீடுகளோடு கூடிய ஒரு முழு ஸ்கேனை வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறமூல மென்பொருளான ஆர்த்தாங்க் போதும், செலவில்லை.

இப்போது தினமும் காலை 6 மணிக்கு, முந்தைய நாள் எந்திரங்கள் எடுத்த படங்களின் எண்ணிக்கையும் சர்வரில் உள்ள எண்ணிக்கையும் அருகருகே என் திரைக்கு வருகின்றன. வித்தியாசம் இருந்தால் காபிக்கு முன் ஓசூருக்குத்தான் போன் செய்கிறேன்.