பழைய காரின் சாலை இரைச்சல்: டயரா, பேரிங்கா, பீடிங்கா, டேம்பிங் ஷீட்டா?

மதுரையிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், பின் இருக்கையில் இருக்கும் அம்மா சொல்வது எனக்குக் கேட்காமல் போய், அவர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகே இந்த இரைச்சலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். 2011இல் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக். இந்த முடிவை எடுத்தபோது 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டயர் கடைக்காரர் டயரை மாற்றச் சொன்னார். மெக்கானிக், சக்கரம் உராய்வின்றிச் சுழல உதவும் உருண்டைகள் கொண்ட வளையமான வீல் பேரிங் என்றார். டிங்கரிங் வேலை செய்பவர் கதவின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங்கைத் தொட்டுக் காட்டினார். கார் உதிரி அலங்காரக் கடையிலோ தகரத்தின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டைக் கதவு முழுக்க ஒட்டினால் எல்லாம் அடங்கிவிடும் என்றார்கள். நான்கையும் ஓராண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்ததால், எது எதற்கு உதவும் என்பதை ஒன்றோடொன்று வைத்துச் சொல்ல முடிகிறது.

எதை மாற்றுவது என்பதற்கு முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் 80இல் செல்லும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, சில விநாடிகள் நியூட்ரலில் உருள விட வேண்டும். இஞ்சினை அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் அதே ஊங்காரம் அப்படியே தொடர்ந்தால், குற்றம் சக்கரத்தின் பக்கம் இருக்கிறது என்று கொள்ளலாம். இதைச் செய்து பார்க்காமலே இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்டை மாற்றிப் பணத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி டயரா, பேரிங்கா என்பது. அனுபவமுள்ளவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஏனெனில் இரண்டுமே வேகத்தோடு ஏறி, வேகத்தோடு இறங்கும் ஒரே மாதிரியான ஊங்காரத்தையே தருகின்றன. சாலையின் மேற்பரப்பு மாறும்போது கவனிப்பது முதல் வழி. ஜல்லி பெயர்ந்து சொரசொரப்பான பழைய தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கு வண்டி ஏறியவுடன் ஓசை சட்டென்று தணிந்தால், அது டயர். எந்தத் தரையிலும் ஒரே சுருதியில் நின்றால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது வழி, நீண்ட வளைவில் கேட்பது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. அப்போது ஓசை கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங் தேய்ந்திருக்கும். மூன்றாவது வழிதான் எனக்கு முடிவான விடையைத் தந்தது. ஜாக்கியில் முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கின்மேல் மெல்ல வைத்தேன். இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் வைத்தபோது, அம்மியில் அரிசி அரைபடும்போது எழும் அந்த நறநறப்பு விரல் நுனியில் தெளிவாக ஏறியது. காதுக்குக் கேட்காததைக் கை சொன்னது.

டயருக்கும் இப்படி ஒரு கைச்சோதனை உண்டு. டயர் சாலையில் படும் முகத்தில் உள்ள ரப்பர் கட்டைகளான பட்டன்மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவிப் பிறகு எதிர்த் திசையில் தடவ வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பப் பல்லைப் போல் பிடித்தால், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணமான டோ அலைன்மென்ட் தவறிப்போய் டயர் அப்படித் தேய்ந்திருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் பலமிழந்திருக்க வாய்ப்பு அதிகம். என் வண்டியின் பின் டயர்களில் இரண்டுமே இருந்தன. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழம் மிச்சமிருந்தாலும், ஆண்டுகள் கடந்து ரப்பர் இறுகிய டயர் சத்தம் போடும். ஈரச் சாலையில் பிடிமானமும் குறையும்.

செலவை வைத்துப் பார்த்தால் பேரிங் முந்துகிறது. ஒரு பக்கத்துக்குக் கூலியோடு 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. நான்கு டயர்களுக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆனது. ஆனால் பேரிங்கில் வேலைத்தரமே எல்லாம். நான் முதலில் கொடுத்த இடத்தில் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் அதே ஊங்காரம் திரும்பி வந்தது. வெளி வளையத்தை ஏற்றும்போது வெளி வளையத்தின்மேலும், ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்தின்மேலும் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். உள்ளிருக்கும் உருண்டைகள் வழியாக அடி இறங்கினால், அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்து, புதிய பேரிங் பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது. ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஏற்றச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரின் பக்கம் பார்க்காமல் திருப்பி ஏற்றப்பட்டால், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

டயரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சபலத்தைத் தவிர்க்கச் சொல்வேன். என் வண்டிக்கு உரியது 165/80 ஆர்14; அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 14 அங்குலம். அதை 185/65 ஆர்15 ஆக மாற்றி அலாய் வீல் போட்டால் அழகாக இருக்கும் என்றார் கடைக்காரர். இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான், 620 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆனால் பக்கச்சுவரின் உயரம் 132இலிருந்து 120 மில்லிமீட்டராகக் குறைந்து, அகலம் கூடுகிறது. அகன்ற, குட்டையான டயர் பொதுவாகச் சாலையின் அதிர்வை வண்டிக்குள் அதிகமாகக் கடத்தும். இரைச்சலைக் குறைக்கத்தான் செலவு செய்கிறோம் என்றால் கம்பெனி அளவிலேயே நிற்பது நல்லது. டயருக்கான ஐரோப்பிய லேபிளில் அச்சிட்டிருக்கும் டெசிபெல் எண், வண்டி கடந்து போகும்போது வெளியே நிற்பவருக்குக் கேட்கும் ஓசையைக் குறிக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது நேரடியான அளவுகோல் அல்ல. புதிய டயரோடு அலைன்மென்டையும், தேவைப்பட்டால் ஷாக் அப்சார்பரையும் சரிசெய்யாவிட்டால், பழைய தேய்மானம் புதிய ரப்பரிலும் விரைவில் வந்துவிடும்.

பீடிங் தீர்ப்பது வேறு நோயை. அது காற்றின் சீறல். 80க்கு மேல்தான் துலக்கமாகக் கேட்கும். கதவுக்கிடையில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்தால், எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் படிந்துபோயிருக்கிறது என்று பொருள். கதவு இடைவெளிகளின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், பீடிங்குக்குச் செலவு செய்வது பயன் தருமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். பீடிங்கைப் பார்க்கும்போதே மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரையும் பார்க்க வேண்டும். என் வண்டியில் எப்போதோ நடந்த டிங்கரிங் வேலைக்குப் பின் இடப்பக்க லைனரைத் திரும்பப் பூட்டாமலே விட்டிருந்தார்கள். கல்லும் மண்ணும் நேராகத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு லைனரும் ஏழெட்டுக் கிளிப்பும் செய்த வேலை, செலவோடு ஒப்பிட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

டேம்பிங் ஷீட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அலுமினியத் தாளின் அடியில் பியூட்டைல் ரப்பர் உள்ள அந்த ஷீட், தகரம் அதிர்வதை அடக்குகிறது. காற்றில் வரும் ஓசையை அது பெரிதாகத் தடுப்பதில்லை. கதவைச் சாத்தும்போது தகரச் சத்தம் போய்க் கனமான சத்தம் வருவதால், வண்டி முழுவதுமே மாறிவிட்டதாக ஒரு நிறைவு உண்டாகிறது. நெடுஞ்சாலையில் கிடைத்த வித்தியாசம் அந்த நிறைவின் அளவுக்கு இல்லை. தகரத்தின் முழுப் பரப்பையும் மூட வேண்டியதில்லை; நடுவில் அதிரும் பகுதியில் கால் பங்கு மூடினாலே பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். விலை மலிவான தார் ஷீட் நம் வெயிலில் இளகி நாறும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை ஷீட் அடைத்துவிட்டால் ஓரிரு மழைக்காலத்தில் துரு பிடிக்கும். இவை எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, தேய்ந்த பேரிங்கின் ஓசையை ஷீட் மங்கலாக்கிவிடுவது. முற்றிய பேரிங் சக்கரத்தையே ஆட வைக்கும் ஆபத்து, அதைக் கேட்காததால் குறைவதில்லை.

முன்பின் அளந்து பார்க்கக் கைபேசிச் செயலியை நம்பியவர்கள் ஏமாற்றம் அடைவதற்கு ஒரு காரணம் உண்டு. அவற்றில் வழக்கமாக வரும் 'ஏ' அளவுமுறை தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தே கணக்கிடும். அடிவயிற்றில் அதிரும் ஊங்காரம் போயிருந்தாலும் எண் அதிகம் அசையாது. நான் அம்மாவின் குரலையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: அதே சாலை, அதே 80, ஏசி அதே அளவில். பேரிங்கையும் லைனரையும் சரிசெய்த பிறகு அவர் சொல்வதில் பாதி கேட்டது. டயரும் அலைன்மென்டும் முடிந்தபின் முழுவதும் கேட்டது. பீடிங்குக்குப் பிறகு 100இலும் கேட்டது. கடைசியாக ஷீட் ஒட்டிய பின், அம்மா எந்த மாற்றத்தையும் சொல்லவில்லை.

ஆகவே கையில் 5,000 ரூபாய் மட்டும் இருப்பவர் பேரிங், லைனர், டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். டயருக்கு ஐந்தாறு வயதாகியிருந்தால் அடுத்த பணம் அதற்கே போக வேண்டும். ஷீட் ஒட்டியே தீர வேண்டும் என்று விரும்புபவர், ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்துத் தரை விரிப்பு நனைந்தது போன்ற வேறு காரணத்துக்காக இருக்கைகளைக் கழற்றும் நாள்வரை பொறுத்திருந்து, கூலி இல்லாமல் பின்சக்கர வளைவுகளின்மேலும் டிக்கித் தரையிலும் மட்டும் ஒட்டிக்கொள்ளட்டும்.